அசையாமல் நின்ற ஹெலிகொப்டர்

ஹெலிகொப்டர் சத்தம் கேட்கும்போது நம் வயதுக்காரர்களைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். சின்னவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். நாம் முதலில் பக்கத்தில் என்ன மரம் நிற்கிறது என்று பார்ப்போம். வானம் அதற்குப் பிறகுதான்.

போன மாதம் மாத்தளை பஸ் நிலையத்தில் அப்படித்தான் நடந்தது. யாரோ பெரிய மனிதர் எங்கோ கூட்டத்துக்குப் போகிறார் போலும். மலைக்கு அந்தப் பக்கமிருந்து அந்தத் தடதடப்பு வந்தது. கையில் கீரைக்கட்டோடு நின்ற ஒரு பெண், என் வயதுதான், யாரென்று தெரியாது, வாகை மரத்தடிக்கு இரண்டடி நகர்ந்தாள். நான் அதற்கு முன்பே நகர்ந்திருந்தேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சிரிக்கவில்லை. நாவுல பஸ் வந்தது. அவள் ஏறிப் போய்விட்டாள். அவளிடம் சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விட்டதை, நரை கண்ட உங்களிடம் சொல்கிறேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. வடக்கில் சண்டை. எங்களுக்கு மேலே ஹெலிகொப்டர்கள் வடக்கே போகும், வரும். மாத்தளைக்கும் நாலந்தாவுக்கும் இடையில் ஒரு கொக்கோத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருந்தோம். அப்பா அங்கே வாச்சர். கொக்கோக் காய் திருட வருகிறவர்களைப் பிடிப்பதுதான் வேலை. அண்ணன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தான். காத்திருக்கும் நாளில் சும்மா இருப்பானேன் என்று, டவுனில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான்.

கொமினிகேஷன். அந்தச் சொல்லே இப்போது செத்துப்போய்விட்டது. கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு போன், ஒரு போட்டோக்கொப்பி இயந்திரம், மூலையில் துணி போட்டு மூடிய கம்ப்யூட்டர். சூடான மையின் வாசம். பக்கத்துக் கடை மூட்டைகளிலிருந்து கராம்பும் சாதிக்காயும் சுவரைத் தாண்டி வரும். போன் கூண்டைத் திறந்தால் அதற்குள் பேசி அழுதுவிட்டுப் போனவர்களின் பவுடர் வாசம் நிற்கும். முஸ்லிமான கடைக்காரரை ஊரே நானா, அதாவது அண்ணன், என்றது. நாங்களும் நானா என்றோம்.

பள்ளிக்கூடம் விட்டதும் அண்ணனுக்குச் சோற்றுக் கெரியர் கொண்டுபோவது என் வேலை. அவன் சாப்பிட்டு முடிந்ததும் கம்ப்யூட்டரின் துணியை எடுப்பான். யாரோ கொழும்பிலிருந்து கொண்டுவந்த கீறல் விழுந்த சீடி ஒன்றில் ஹெலிகொப்டர் சண்டை விளையாட்டு. அடிப்பக்கம் உடைந்த ஜோய்ஸ்டிக்கை சைக்கிள் டியூப் ரப்பரால் மேசையோடு இழுத்துக் கட்டியிருந்தான். அந்த ரப்பர் வாசம் இன்றும் என் விரலில் இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

ஓட்டுபவன் அவன். காது நான். எதிரியின் ஏவுகணை கிளம்பினால் பெட்டிக்குள் ஒரு கீச்சொலி கேட்கும். உடனே நான் ஒரு விசையை அமுக்க வேண்டும். ஹெலிகொப்டரின் வாலுக்குப் பின்னால் தீப்பொறிகள் சிதறும். ஏவுகணை ஏமாந்து அவற்றைத் துரத்திக்கொண்டு போகும்.

"வானத்தில பறக்கிறவன் செத்தான், புள்ள" என்பான் அண்ணன். "மரத்தோட மரமா போகணும். பின்னால ஒளிஞ்சு நின்னு, மெதுவா எழும்பி, எட்டிப் பாத்து, சுட்டுட்டு, பொதக்குன்னு கீழ எறங்கிரணும்."

"கள்ளக் காகம் மாதிரி."

"ஆமா. நம்ம காகம்தான்."

அந்தத் திரையின் மரங்கள் எனக்குப் பிடிக்கும். பச்சைக் காகிதத்தை வெட்டிக் குறுக்கே செருகியது போல இருக்கும். கிட்டப் போனால் இலைகள் சதுரம் சதுரமாகப் பிரியும். அண்ணன் அந்த மரவரிசைகளுக்குள் ஹெலிகொப்டரை அமுக்கி வைப்பான். சுழலும் இறக்கையின் நிழல் புல்லில் வட்டமடிக்கும். நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். மூச்சு விட்டால் எதிரிக்குக் கேட்டுவிடும் என்பதுபோல. ஆனாலும் சாவோம். நல்ல அடர்த்தியான காட்டுக்குப் பின்னால் நின்றபோதும் கீச்சொலி கேட்கும். இலையொன்றும் ஆடாமல் மரத்துக்குள்ளாலேயே குண்டு வரும். திரை சிவந்து கறுக்கும்.

ஒருநாள் அண்ணன் சுடுவதை நிறுத்திவிட்டான். மலைக்குப் பின்னால் போய் நின்றான். ஒன்றும் வரவில்லை. மரத்துக்குப் பின்னால் போய் நின்றான். குண்டு வந்தது. திரும்ப மலை. திரும்ப மரம். பரீட்சை மண்டபத்தில் இருப்பவன்போல முகத்தை வைத்துக்கொண்டு அதையே செய்தான். பிறகு ஜோய்ஸ்டிக்கை விட்டுவிட்டுச் சிரித்தான்.

"ஏமாத்திட்டாண்டி."

"யாரு?"

"இதச் செஞ்சவன். மலைக்குக் கணக்குப் போட்டிருக்கான், மரத்துக்குப் போடல்ல. நம்ம கண்ணுக்குத்தான் மரம். எதிரிக்கு இங்க ஒன்னுமே இல்ல, வெட்டவெளி. நாமதான் மரத்துக்குப் பின்னால நின்னு அவனப் பாக்க முடியாம குருடா நிக்கிறோம்."

"அப்ப எதுக்கு மரம் வச்சான்?"

"சும்மா. அழகுக்கு."

லீவில் வருகிற ஒரு சிங்களப் பையனும் அந்தக் கடைக்கு வருவான். நாவுலப் பக்கம் வீடு. விமானப்படையில், ஹெலிகொப்டர் வாசலில் துவக்குப் பிடித்துக்கொண்டு உட்காருகிற வேலை. காதலிக்குப் போன் எடுப்பான். எடுத்து முடிந்ததும் எங்கள் பின்னால் வந்து நிற்பான். அண்ணனும் அவனும் சிங்களத்தில்தான் பேசுவார்கள். என் நினைவில் மட்டும் அது தமிழாகிவிட்டது.

முதல்நாள் அவன் கையில் ஜோய்ஸ்டிக்கைக் கொடுத்ததும் ஹெலிகொப்டரைக் கொண்டுபோய் ஆற்றுக்குள் விட்டான். நானா போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டே, "நெஜ ஹெலியில ஒங்கள வாசல்ல ஒக்கார வச்சதுக்குக் காரணம் இப்பதான் வெளங்குது" என்றார். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு திரையின் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதெல்லாம் செத்த மரம், மச்சான்" என்றான். "நாங்க மரத்துக்குக் கிட்ட எறங்கினா காடே தலைய விரிச்சு ஆடும். இலையெல்லாம் வெள்ளை வெள்ளையா பெரளும். தூரத்தில இருக்கிறவனுக்கும் தெரிஞ்சிரும்."

"அப்ப மேலேருந்து பாத்தா?" என்று அண்ணன் கேட்டான்.

"மேலேருந்தா? கீழ யாரு இருக்கான்னு தெரியாது. மாடு மேய்க்கிறவனா, மத்தவனா, ஒன்னும் தெரியாது. அந்தப் பயத்திலதான் சுடுறோம்."

சொல்லிவிட்டு அவன் அசடு வழிந்தான். என் கெரியரில் மிஞ்சியிருந்த பலாக்கொட்டைக் கறியைக் காட்டி, சாப்பிடலாமா என்று கேட்டான். சாப்பிட்டான். விரலைச் சூப்பினான். அவன் பெயரை நாங்கள் கேட்கவில்லை. மச்சான், அவ்வளவுதான்.

அந்தப் பருவத்தில் கொக்கோ நன்றாகக் காய்த்திருந்தது. மஞ்சளும் கருஞ்சிவப்புமாக, கிளையில் இல்லாமல் அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு தொங்கும். கீழே பெரிய பெரிய சருகுகள் முழங்கால் அளவுக்கு. கால் வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். அந்தச் சத்தம்தான் அப்பாவின் உத்தியோகம். லயத்து வாசலில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருப்பார். காது மட்டும் தோட்டத்துக்குள் இருக்கும். "மாடு" என்பார். "பன்னி" என்பார். "மனுசன்" என்று சொல்லும்போது எழுந்துவிடுவார்.

பக்கத்துத் தோட்டத்தை இராணுவம் சுற்றிவளைத்து நாலைந்து தமிழ்ப் பையன்களைப் பிடித்துக்கொண்டு போன பிறகு, அப்பா பிளேன்டீயை முழுதாகக் குடிப்பதில்லை. அப்போதுதான் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் ஒரு பெண் அம்மாவிடம் கேட்டாள்.

"என்னக்கா, ஒங்க மகன் டவுன்ல ஹெலி சுடப் பழகுறானாமே? அதுவும் ஆமிக்காரனையே பக்கத்தில வச்சிக்கிட்டு?"

அம்மா குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தாள். "ஆமாடி, அடுத்த வாரம் கப்பலு." வீட்டில் வந்து அதை வேடிக்கையாகத்தான் சொன்னாள். அப்பா சிரிக்கவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். என்னையும் கையில் பிடித்திருந்தார். ஏன் என்று தெரியவில்லை. பெண்பிள்ளையோடு போகிறவனை வழியில் யாரும் மறிக்கமாட்டார்கள் என்று நினைத்திருக்கலாம்.

"எங்க அந்த மிசினு?" என்றார் கடை வாசலில் நின்று.

"எந்த மிசினு வாச்சரய்யா? கொப்பி எடுக்கிறதா?" என்றார் நானா.

"ஹெலி சுடுற மிசினு."

"அல்லாவே! அது படமுங்க. படத்தில சுட்டா படத்திலதான் மவுத்தாவாங்க. வந்து பாருங்களேன்."

"நான் பாக்கல்ல." அப்பா உண்மையாகவே முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதைக் கண்ணால் பார்ப்பதே குற்றமாகிவிடும் என்பதுபோல. "தம்பி, வா போவோம்" என்று அண்ணனைக் கூப்பிட்டார்.

நானா கல்லாவை விட்டு எழுந்து வந்தார். குரலைத் தாழ்த்தினார். "நான் ஒன்னு செல்றேன் கேளுங்க. புள்ள இங்க வேல செய்றான்னு பொலிஸில பதிஞ்சு வச்சிருக்கேன். ஸ்டேசன் ஓஐசிக்கே கொப்பி எடுத்துக் குடுக்கிறவன் இவன்தான். எல்லாரும் பாக்கிற எடத்தில இருக்கட்டும். அதுதான் பத்திரம்."

"பத்திரமா எங்க வைக்கணும்னு எனக்குத் தெரியும் மொதலாளி."

அண்ணன் ரப்பரை அவிழ்த்து ஜோய்ஸ்டிக்கை மேசை மேல் வைத்தான். கம்ப்யூட்டருக்குத் துணியைப் போர்த்தினான். பஸ்ஸில் மூவரும் ஒரே இருக்கையில் இருந்து வந்தோம்.

அப்பாவின் நம்பிக்கை கொக்கோத் தோட்டம். இத்தனை வருடத்தில் அவர் பிடித்த கள்ளன் எல்லாம் அசைந்தவன். அசையாமல் நின்றவனை அவர் பிடித்ததே இல்லை; பிடிக்காததால், அப்படி நிற்கிறவனை யாராலும் பிடிக்க முடியாது என்று நம்பினார். பிடிபடாதவனை அவர் எண்ணியிருக்க முடியாது, இல்லையா? ஆனால் கணக்கு அவருக்குச் சரியாகவே தோன்றியது. "ஆமி வந்தா உள்ள போய் நில்லு. செருப்பப் போடாத. அசையாத. அவங்க போனப்புறம் நான் கூப்புடுறேன். நான் கூப்புட்டாத்தான் வரணும்."

ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார்கள். மேட்டு லயத்துப் பிள்ளைகள் "ஆமி! ஆமி!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். அண்ணன் பல் விளக்கிக்கொண்டிருந்தான். வாயைக் கொப்பளித்துவிட்டு, செருப்பைக் கொல்லை வாசலில் கழற்றினான். நான் அவன் இடுப்புச் சாரத்தைப் பிடித்தேன்.

"அண்ணே. மரம் மறைக்காதுண்ணே."

அவன் குனிந்து என்னைப் பார்த்தான். உதட்டோரம் பற்பசை நுரை. "அது கேம், புள்ள. இது கொக்கோ."

போனான். நான்கைந்து மரம் தாண்டியதும் கண்ணுக்குத் தெரியவில்லை. சருகுச் சத்தம் கொஞ்சம் கேட்டது, பிறகு நின்றது. அப்பா தலையை ஆட்டிக்கொண்டார், வேலை சுத்தம் என்பதுபோல.

வந்த அதிகாரி கெட்ட மனிதரில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். வெயிலில் நடந்து களைத்துப்போன முகம். வீட்டில் பதிவானவர்கள் யார் யார் என்று கேட்டார். மகன் எங்கே என்றார். "டவுனுக்கு, கடைக்குப் போயிருக்கான் சேர்" என்றார் அப்பா சிங்களத்தில். "சரி. பின்னேரம் அடையாள அட்டையோட காவலரணுக்கு வரச் சொல்லு" என்றார் அதிகாரி. அவ்வளவுதான். திரும்பிவிட்டார்கள். சிப்பாய்கள் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு பாதையில் இறங்கினார்கள்.

அப்பாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்புகிற வழக்கம் எங்கள் லயத்தில் இல்லை. பயந்த இடத்தில் பயம் தீர்ந்ததும் அந்த வழக்கம் முன்னால் வந்து நின்றுவிட்டது. வாசலில் செவ்விளநீர்க் குலை கிடந்தது. "சேர், சேர், தெம்பிலி ஒன்னு குடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே, வாச்சர்கள் முதுகுப் பக்கம் இடுப்பில் செருகியிருக்கிற கத்தியை உருவிக்கொண்டு அதிகாரியின் பின்னால் ஓடினார்.

கடைசியாகப் போன சிப்பாய் திரும்பினான். அவன் கண்டது கத்தியோடு ஓடிவருகிற ஒருவனை. கத்தினான், துவக்குப் பிடியால் நெஞ்சில் தள்ளினான். அப்பா மல்லாக்க விழுந்தார். அம்மா போட்ட அலறல் மலையில் மோதித் திரும்பி வந்தது.

ஒரு நிமிடத்துக்குள் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. இளநீர் ஒரு பக்கம் உருண்டு கிடந்தது. அதிகாரி அதைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், சிப்பாயை ஏதோ திட்டினார். அப்பாவின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அப்பா சிரிக்கக்கூடச் செய்தார்.

அப்போதுதான் அது கேட்டது. சருகு. ஓட்டமாக வருகிற சருகு.

அப்பாவின் முகம் எப்படிப் போனதென்று எழுத என்னிடம் தமிழ் இல்லை. காலமெல்லாம் அந்தச் சத்தத்துக்காகவே காதைத் திறந்து வைத்திருந்தவர். மாடில்லை, பன்றியில்லை என்று அங்கிருந்தவர்களில் முதலில் தெரிந்தது அவருக்குத்தான்.

மரத்துக்குப் பின்னால் நின்றவனுக்கு எதுவும் தெரிந்திருக்காது. திரும்பிப் போன முதுகுகள் தெரிந்திருக்காது, இளநீர் தெரிந்திருக்காது. அலறல் மட்டும் கேட்டிருக்கும். தலையெல்லாம் சிலந்திவலையும், தோளில் கொக்கோப் பூவுமாக, வெறுங்காலோடு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அண்ணன் வெளியே வந்தான்.

"ஏன் ஒளிஞ்சே?" என்று அதிகாரி கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அண்ணனிடம் பதில் இருந்தது. அப்பா சொன்னார் என்பதுதான் பதில். சொன்னால் அப்பாவையும் கொண்டுபோவார்கள். அவன் அப்பாவைப் பார்த்தான். தூக்கிய கைகளை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினான்.

அதிகாரியின் முகத்தில் களைப்பு போய் வேறொன்று வந்தது. அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இளநீரை யாரும் வெட்டவில்லை.

பிறகு மாத்தளை, பிறகு கண்டி, பிறகு அம்மா பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே போய்வந்த தூர ஊர்கள். நானா கடிதங்களைத் தூக்கிக்கொண்டு கூடவே அலைந்தார். "கடையில இருக்கிற புள்ளக்கி எதுக்கு சேர் ஒளியணும்னு எனக்கே வெளங்கல்லயே" என்று அவர் ஒருநாள் ஒரு மேசைக்கு முன்னால் நின்று அழுததாக அம்மா சொன்னாள். அந்த நாவுலப் பையனைப் பிடித்தால் நமக்காக ஒரு வார்த்தை சொல்வான் என்றும் அம்மா சொன்னாள். பெயர் தெரியாதவனை எங்கே பிடிப்பது? அடுத்த லீவுக்கு அவன் வரவில்லை. அதற்கடுத்த லீவுக்கும் வரவில்லை.

அண்ணனின் பரீட்சை முடிவு வந்தது. நன்றாகத்தான் செய்திருந்தான். கொல்லை வாசல் செருப்பை அம்மா துடைத்து அதே இடத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா கள்ளன் பிடிப்பதை விட்டுவிட்டார். சருகுச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பார். போகமாட்டார். தோட்டத்துத் துரை இரண்டு தடவை கூப்பிட்டுக் கண்டித்துவிட்டு, அவரைக் கொட்டை புளிக்கவைக்கிற கொட்டிலுக்கு மாற்றினார். அங்கே வாழையிலை மூடிய பெட்டிகளிலிருந்து எழும்பும் காடி நெடி அவர் உடம்பில் ஏறிக்கொண்டது. எங்கள் வீட்டுக்கே அந்த நெடி வந்துவிட்டது.

சண்டைக்கு ஓய்வு விட்ட நாட்களில் அண்ணனை விட்டார்கள். குற்றம் ஒன்றும் இல்லையாம். ஒரு காது கேட்காமல், கன்னம் ஒட்டி வந்தான். செருப்பைப் போட்டான், பொருந்தியது. வீட்டுக்குள் இருக்கமாட்டான், மரத்தடியில் இருக்கமாட்டான். கொக்கோக் கொட்டை காயப்போடுகிற சிமெந்துத் தளத்தின் நட்டநடுவில், உச்சி வெயிலில், கால் நீட்டி உட்கார்ந்திருப்பான். "நெழலுக்கு வாய்யா" என்று அம்மா கெஞ்சுவாள். "இங்க இருந்தாத்தான் எல்லாம் தெரியுதும்மா" என்பான்.

நானா அவனைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார். கம்ப்யூட்டர் அதே துணிக்குள் இருந்தது. ரப்பர் இற்றுப்போயிருந்தது, நான்தான் புதுத் துண்டு வெட்டிக் கட்டினேன். அண்ணன் ஹெலிகொப்டரைக் கிளப்பினான். மரத்தின் பக்கமே போகவில்லை. நேராக மேலே, வெட்டவெளிக்கு. கீச்சொலி கேட்டது. நான் விசையை அமுக்கப்போனேன். "வேணாம் புள்ள" என்றான். அடிபட்டது. திரும்பக் கிளப்பினான். திரும்ப வெட்டவெளி.

ஒருநாள் எனக்குப் பரீட்சை. அம்மாவுக்கு முழங்கால் வலி. பரீட்சை முடிந்து நான் கடைக்குப் போனபோது கெரியரோடு அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். காடி நெடி அவருக்கு முன்னால் உள்ளே வந்திருந்தது. நானா நாற்காலி இழுத்துப் போட்டார். அப்பா உட்காரவில்லை. மெல்ல மெல்ல, ஒவ்வோர் அடியாக, அண்ணனின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். அன்றுதான் முதல்முறையாக அந்தத் திரையைப் பார்த்தார்.

வானத்தின் நடுவில் தனியே தொங்கிக்கொண்டிருந்தது ஹெலிகொப்டர்.

"இது நீயா?" என்றார்.

"ஆமாப்பா."

"சுடுவாங்களா?"

"சுடுவாங்க."

அப்பா கையை நீட்டி, கண்ணாடியில் படாமல், திரையின் மூலையைக் காட்டினார். "அந்தா மரம் இருக்கே, தம்பி. அதுக்குப் பின்னால போயிரேன்."

நான் அண்ணனைப் பார்த்தேன். நானா கொப்பி எடுப்பதை நிறுத்திவிட்டார். அண்ணனின் கேட்காத காது அப்பாவின் பக்கம் இருந்தது. கேட்கவில்லையோ என்று நினைத்தேன். ஆனால் ஹெலிகொப்டர் சரிந்தது. கீழே இறங்கியது. பச்சைக் காகித மரங்களுக்குப் பின்னால் போய், புல்லைத் தொடுவதுபோல் நின்றது. கீச்சொலி தொடங்கியது. என் விரல் விசையைத் தேடியது. அதற்குள் அண்ணன் வேறொரு விசையைத் தட்டினான்.

எல்லாம் நின்றது. இறக்கை நின்றது. கீச்சொலி நின்றது. மரவரிசைக்கு அந்தப்புறம், புகைவாலோடு, ஏவுகணை அந்தரத்தில் நின்றது. திரையின் மேல் மூலையில், ஆட்டம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் மின்னி மின்னி அணைந்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது.

"இப்ப அவங்களுக்கு நீ தெரியமாட்டல்ல?" என்றார்.

"தெரியமாட்டேம்ப்பா" என்றான் அண்ணன்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். கெரியரைத் திறந்து, தட்டு தட்டாக எடுத்து மேசையில் வைத்தார். அண்ணன் சாப்பிட்டு முடியும்வரை, அசையாத அந்த ஹெலிகொப்டரைப் பார்த்தபடியே இருந்தார்.